ஜல்லிக்குப் போன ஊர்

இங்கிலாந்து கடலோரக் கிராமம் என்று தேடினால் ஜன்னலில் பூத்தொட்டி, வெள்ளையடித்த கல் வீடு, துறையில் நாலு படகு என்றுதான் படம் வரும். அழகுதான், ஆனால் எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. ராயபுரத்தில் பிறந்து, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கும் கரையோரம் கொட்டிய பாறைக்கும் நடுவே போய்வந்து வளர்ந்த எனக்கு ஹால்சாண்ட்ஸ் கதைதான் நெருக்கமாக இருக்கிறது. நேரில் போனதில்லை, படித்ததும் பழைய படங்களில் பார்த்ததும்தான்.

டெவன் மாவட்டத்தின் தென்கரையில், ஸ்டார்ட் முனைக்குக் கொஞ்சம் வடக்கே, பாறைச் சரிவுக்கும் கடலுக்கும் இடையில் நெருக்கியடித்து இருந்த ஊர் அது. 1891 கணக்கெடுப்பில் 37 வீடு, 159 பேர். ஒரு சாராயக்கடையும் உண்டு, பெயர் லண்டன் இன் (எந்த ஊராக இருந்தாலும் தலைநகர் மோகம் விடாது போல). கூடு இறக்கி நண்டு பிடிப்பார்கள், கரைவலை போட்டால் பெண்களும் சேர்ந்து இழுப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது நாய்கள்தான். நியூஃபவுண்ட்லாந்து இனத்துப் பெரிய நாய்களைப் பழக்கி வைத்திருந்தார்கள். அலை அடிக்கும் நாளில் படகு கரை ஏற முடியாமல் நிற்கும்போது நாய் நீந்திப் போய்க் கயிற்று நுனியை வாயில் கவ்விக்கொண்டு வரும், அதைப் பிடித்து ஊரே படகை இழுக்கும். நம்ம ஊர் நாய் மீன் வண்டிக்குப் பின்னால் ஓடுவதோடு சரி.

வீடுகளுக்கு முன்னால் கூழாங்கல் கரை அகலமாக இருந்தது. அதுதான் அவர்களுக்கு மதில். 1890களில் பிளிமத் பக்கம் டெவன்போர்ட்டில் கடற்படைத் தளத்தை விரிவாக்கினார்கள். கான்கிரீட்டுக்கு ஜல்லி வேண்டும். ஒப்பந்தக்காரர் சர் ஜான் ஜாக்சன், இந்தக் கரைக்கு எதிரே கடலடியில் அள்ள 1896ல் அனுமதி வாங்கி அடுத்த வருஷமே வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரு நாளைக்கு 1,600 டன் வரை. மீனவர்கள் பயந்துபோய்ச் சத்தம் போட, விசாரணைக்கு ஆள் வந்து, ஆபத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அள்ளுகிற வரைக்கும் வருஷத்துக்கு 125 பவுண்டு என்று ஊருக்கு ஒரு தொகை. அள்ளிய பள்ளத்தைக் கடலே நிரப்பிவிடும் என்பதுதான் நம்பிக்கை. நிரப்பவில்லை. பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறியபோது ஒதுங்கிய கல் அது, புதிதாக வந்து சேர வழியே கிடையாது. கரையில் இருந்த கல்தான் சரிந்து பள்ளத்துக்குள் போனது.

1900க்குள் கரை பல அடி இறங்கிவிட்டது, சுவர்கள் விழ ஆரம்பித்தன. 1902 ஜனவரியில் அனுமதியை ரத்து செய்தார்கள். அதற்குள் சுமார் 6.5 லட்சம் டன் போய்விட்டது. அப்புறம் தடுப்புச் சுவர் கட்டிக் கொஞ்ச வருஷம் தள்ளினார்கள். 1917 ஜனவரி 26ஆம் தேதி கொண்டல் காற்றும் கடலேற்றமும் ஒன்றாக வந்தன. இரண்டு நாளில், குடியிருக்க லாயக்காக மிஞ்சிய வீடு ஒன்றே ஒன்று. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒரு ஆறுதல். அந்த ஒரு வீட்டில் எலிசபெத் பிரெட்டிஜான் என்ற பெண்மணி 1964ல் இறக்கும் வரை கோழி வளர்த்துக்கொண்டு இருந்தார்.

நம்ம பக்கம் கதை வேறு மாதிரி, ஆனால் கணக்கு ஒன்றுதான். அங்கே கல்லை அள்ளினார்கள், இங்கே மணல் வரும் வழியை மறித்தார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெண்டி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு வரும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள், 1881 புயல் அதை உடைத்தும் விடாமல் திரும்பக் கட்டினார்கள். தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் தின்றது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது எங்கள் பங்கு மணலில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்கு அற்ப எரிச்சல் வரும். காசிமேட்டில் வலை பின்னும் ஒரு தாத்தா கடலைக் காட்டி, "அந்தக் கல்லுக்கு அப்பால எங்க தெரு இருந்துச்சுப்பா, அங்கதான் பந்து விளையாடுவோம்" என்றார். அவர் காட்டிய இடத்தில் ஃபைபர் போட் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

ஹால்சாண்ட்ஸ்காரர்களுக்கு வாய்த்த ஒரு அதிர்ஷ்டம் ஹான்ஸ்ஃபோர்டு வொர்த் என்ற பொறியாளர். கரை எங்கே எத்தனை அடி இறங்கியது என்று அளந்து எழுதி வைத்தார். அள்ளுவதற்கு முன்னால் எடுத்த படங்களும் இருந்தன. அதனால்தான் 'கடல் கொண்டுபோய்விட்டது' என்று யாரும் கை கழுவ முடியவில்லை. அப்படியும் 1917ல் வீடு போனவர்கள் நஷ்டஈட்டுக்காக 1924 வரை இழுபட்டார்கள். வந்தது 6,000 பவுண்டு, மொத்த ஊருக்கும் சேர்த்து! பிற்காலத்தில் பாறை மேல் மேடை போட்டு, கீழே மிச்சமிருக்கும் சுவர்களைப் பார்க்க வைத்தார்கள். இங்கே, இந்த இடத்தில் இன்ன தெரு இருந்தது என்று ஒரு பலகை கூட என் கண்ணில் பட்டதில்லை.

பலகை பிற்பாடு வரட்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டுப் பரணில் பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பின்னால் மணல் தெரிகிற படம் இருந்தால் இடமும் வருஷமும் பெரியவர்களைக் கேட்டு எழுதி, ஸ்கேன் செய்து வையுங்கள். கோயில், சர்ச், கிணறு என்று இன்றைக்கும் நிற்கிற ஏதாவது படத்தில் இருந்தால் ரொம்ப நல்லது, அங்கிருந்து அளந்தால் கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.