மண்டபத்துத் தண்ணீரும் மீன் பெட்டிக் கீரையும்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல்வழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அங்கேயும் பனை, இங்கேயும் பனை. கருவாட்டு வாசம் கூட ஒன்றுதான். 2006இல் மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்து மண்டபம் அகதிகள் முகாமில் பெயர் பதிந்தபோது, நாடு மாறிவிட்டது என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற பிறகுதான் உறைத்தது. எங்கள் வளவில் கிணறு இருந்தது, வாளியை இறக்கினால் நல்ல தண்ணீர். இங்கே எந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துவது என்பதையே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குடிக்க, சமைக்க. ஆழ்துளைக் குழாயில் வருவது உப்பு, அது குளிக்க, துவைக்க. மழைத்தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும், பிடித்து வைத்தவனுக்கு உண்டு. இதில் செடிக்கு என்று ஒதுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. மண்ணும் கடற்கரை மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அதுவும் நம்முடைய மண் இல்லை. குடியுரிமை இல்லாதவன் நினைத்தவுடன் நிலம் வாங்கிவிட முடியாது, இருக்கிற அறைக்கு வெளியே கிடைக்கும் திண்ணையளவு இடம்தான் தோட்டம். (இந்த முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதற்கு உண்டானது. நாங்கள் எதிர்த்திசையில் வந்தவர்கள்.)

மண் இல்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கலாம் என்று தெரிந்ததும் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இந்த இடக் கணக்குதான். வீடு மாற்றச் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

எனக்குத் தொழில் பெயிண்ட் அடிப்பது. முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு அதுதான் தொழில். காலி பெயிண்ட் வாளிகளுக்குப் பஞ்சமில்லை என்றாலும் சாப்பிடுகிற செடியை அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மீன் கம்பெனிக்குப் போகும் தெர்மாகோல் பெட்டி நல்லது. விளிம்பு உடைந்தவற்றை ஏலக்கூடத்துப் பக்கம் ஒதுக்கிப் போட்டிருப்பார்கள். கேட்டதற்கு, "பொட்டிய வச்சு என்ன செய்யப் போறீக?" என்றார் வியாபாரி. கீரை போடப் போகிறேன் என்றதும், "மீன் வாடையில கீரையாண்ணே?" என்று சிரித்துவிட்டு இரண்டாகவே கொடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தால் வாடை போய்விடும். உள்ளே கறுப்பு பாலித்தீன் விரிப்பைக் கிழியாமல் மடித்துப் போட வேண்டும். வெளியே வெள்ளை அடித்தால் சூடு குறையும், வெளிச்சமும் உள்ளே போகாது. வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். ஒரு தொழில் ரகசியம்: தண்ணீரில் கரையும் எமல்ஷன் மட்டுமே அடியுங்கள். தின்னர் கலந்த எனாமல் பட்டால் தெர்மாகோல் உருகிக் குழிந்துவிடும்.

மூடியில் காகிதக் கப் உட்காரும் அளவுக்கு வட்டத் துளைகள். கப்பின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, நன்றாக அலசிய தென்னை நார்த்தூளை நிரப்பி நாற்றை வைக்கிறோம். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் கிராட்கி என்பவர் பரப்பிய முறை இது. தொடக்கத்தில் கப்பின் அடி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். அப்போது மேல்பாதி வேர் ஈரக்காற்றில் தொங்கி மூச்சு வாங்கும், கீழ்ப்பாதி தண்ணீரில் கிடந்து சத்து எடுக்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: மேலே பஞ்சு மாதிரி வெள்ளை ரோமம் படர்ந்த வேர், கீழே நீண்டு வழுவழுப்பான வேர். மட்டம் இறங்கிவிட்டதே என்று திரும்பவும் கழுத்துவரை நிரப்பினால் அந்த மேல்வேர் மூச்சுமுட்டி அழுகும். பாதி மட்டத்துக்கு மேல் போகாமல் ஊற்றினால் போதும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்காமல் இந்தக் கரையில் இந்த வேலையில் இறங்கக்கூடாது என்பது என் கட்சி. எங்கள் ஆழ்துளைத் தண்ணீரில் அதை விட்டால் 2,000த்தைத் தாண்டிக் காட்டும். கீரைக்கு உரம் கலந்த பிறகும் 1,000 அளவில்தான் நிற்க வேண்டும் என்றால், உரம் போடும் முன்பே இரண்டு மடங்கு ஏறியிருக்கிற தண்ணீரை என்ன செய்வது? அதிலும் இருப்பது கறியுப்பு வகை. செடி தண்ணீரைக் குடித்து உப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடும், நாளாக நாளாகக் கனம் கூடும். "இஞ்சாருங்கோ, குடிக்கிற தண்ணியை மட்டும் தொட்டுப்போடாதேங்கோ" என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அப்புறம் மிஞ்சியது மழைதான். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 10 சதுர மீட்டர் கூரைக்கு 20 மில்லிமீட்டர் மழை ஒரு 200 லிட்டர் டிரம்மை நிரப்பிவிடும். சாலட்டில் பச்சையாகப் போடும் லெட்டூஸ் கீரைச் செடி ஒன்று அறுவடைவரை ஏறத்தாழ 4 லிட்டரில் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் என்கிறபோது, டிரம் எவ்வளவு பெரிய சொத்து என்று பாருங்கள்.

உரத்துக்கு எல்லாரும் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 போதும் என்பார்கள். மண்ணுக்குச் சரி. அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும், வெறும் தண்ணீரில் அந்த வேலை ஒழுங்காக நடக்காது. யூரியா மீட்டரிலும் தெரியாது. கால்சியமும் இல்லை. அதனால் ஹைட்ரோபோனிக்ஸ் என்கிற இந்த மண்ணில்லா வளர்ப்புக்கென்றே விற்கும் ஏ, பி என்ற இரண்டு உரங்களை வாங்கிவிடுவது உத்தமம். இரண்டையும் கெட்டியாக ஒன்றாகக் கலக்கக்கூடாது. ஒன்றில் இருக்கும் கால்சியம் நைட்ரேட்டும் மற்றதில் இருக்கும் எப்சம் உப்பும் அப்படிச் சேர்ந்தால் ஜிப்சமாகி அடியில் வெள்ளையாகப் படியும், செடிக்கு எட்டாது. ஒன்றைப் பெட்டித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் மற்றதை ஊற்ற வேண்டும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச் 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருந்தால் இலை பச்சையாக இருக்கும். ஏறிவிட்டால் முதலில் இளங்குருத்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்து எட்டவில்லை என்று அர்த்தம்.

சித்திரை, வைகாசியில் லெட்டூஸ் ஆசையே வேண்டாம். சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறைந்து வேர் பழுக்கும், இலை கசக்கும். பெட்டியைச் சுவரோரம் நிழலில், ஆடு எட்டாத உயரத்தில் வையுங்கள். முகாம் ஆடுகளுக்குப் பாலித்தீன், செய்தித்தாள் எல்லாம் உணவு, கீரையை விடுமா? காலித் துளைகளை அடைத்துவிடுவதும் முக்கியம். டெங்குக் கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் மூடியைத் திறந்துதான் பார்ப்பார்கள்.

வெயிலுக்கு ஈடு கொடுப்பது கங்குன்தான். ஊரில் மாசிக் கருவாட்டுத்தூள், செத்தல் மிளகாய், பூண்டு போட்டுத் தாளித்துச் சோற்றோடு சாப்பிட்ட கீரை. இங்கே சந்தையில் நான் கண்டதில்லை. உச்சிப்புளிப் பக்கம் வேலைக்குப் போனபோது ஒரு ஊருணிக் கரையில் படர்ந்து கிடந்தது. வள்ளைக்கீரை என்றார்கள், மாட்டுக்குப் போடுவார்களாம். ஒரு கைப்பிடி ஒடித்துவந்து கணுவோடு தண்ணீரில் வைத்தேன், வேர்விட அதிக நாள் ஆகவில்லை. இது தண்ணீரிலேயே பிறந்த செடி, மட்டம் கூடக் குறைய இருந்தாலும் கோபிக்காது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். குளத்தில் எடுத்த தண்டு என்பதால் அதை அப்படியே சமைக்கவில்லை, பெட்டியில் புதிதாக வந்த துளிரைத்தான் கழுவி நன்றாக வதக்கிச் சாப்பிடுகிறோம்.

மிளகாயைப் பெட்டியில் வைக்கலாமா என்று பக்கத்து அறை அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த மாவட்டத்து மண்ணிலேயே விளைந்து வண்டி வண்டியாகச் சந்தைக்கு வருகிறது, அதை வாங்கிக்கொள்ளலாம். அக்காவுக்குக் கங்குன் தண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறேன். பெட்டி அவருடையது, தண்ணீர் இப்போதைக்கு என் டிரம்மிலிருந்து. ஐப்பசிக்கு முன்னால் அவர் கூரைக்கும் மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு தகரப் பீலி கட்டிவிட வேண்டும்.