இடது மேல் மூலை

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவிடம் சாம்பிள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாரம் பத்து நாள் ஆகும் என்றார் நர்ஸம்மா. வாரமா, பத்து நாளா என்று கேட்டேன். பதில் இல்லை.

அண்ணாச்சி போன். அவருடைய நகைக் கடையில் கஸ்டமர் பக்கம் திரும்பியிருக்கும் மானிட்டரில், நான் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்ததும் கடைப் பெயர் தங்கத்தில் செய்து ஒட்டினது மாதிரி ஜொலிக்க வேண்டுமாம். அட்சய திருதியைக்குள். "பில்லு கரெக்டா வருது தம்பி, அதுல குறை சொல்லல. ஆனா வாரவன் கண்ணுக்கும் ஏதாவது வேணும்லா." சரி என்று சொல்லிவிட்டேன். இந்த நேரத்தில் ஏன் ஒப்புக்கொண்டேன்?

மார்ச் 4, புதன்

வாட்டர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் வேலை செய்கிறது. இனி அதுதான் என் ஆபீஸ்.

ஜாவா மொழியில் திரையை வரைய உதவும் ஜாவாஎஃப்எக்ஸில் இதற்கென்றே லைட்டிங் என்று ஓர் எஃபெக்ட் இருக்கிறது. விளக்கு மூன்று வகை: வெயில் மாதிரி தூரத்திலிருந்து ஒரே சாய்வில் விழுவது, தொங்கும் பல்பு மாதிரி ஓரிடத்தில் நிற்பது, டார்ச் மாதிரி குறிபார்த்து அடிப்பது. தூரத்து விளக்கை எடுத்து எழுத்தின் மேல் மாட்டி ஓட்டினேன். ஐந்தே வரி. எழுத்து புடைக்கும் என்று பார்த்தால் குழிந்து கிடக்கிறது. சுத்தியலால் உள்ளே அடித்த மாதிரி.

அரை மணி நேரம் போச்சு. விளக்கின் திசையைச் சொல்லும் அசிமத், நாம் ஒன்றும் கொடுக்காவிட்டால் 45 டிகிரி. பள்ளிக்கூட கிராஃப் தாளில் 45 என்றால் வலது மேல். ஆனால் திரையில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும், ஆகவே 45 என்பது வலது கீழ். தரையிலிருந்து வெளிச்சம் அடித்திருக்கிறேன். மைனஸ் 135 போட்டதும் எழுந்து நின்றது. விண்டோஸ் 95 காலத்துப் பொத்தான்களுக்கும் இதே கணக்குதான்: மேலும் இடதும் வெள்ளைக் கோடு, கீழும் வலதும் கறுப்பு.

மார்ச் 5, வியாழன்

இட்லி பாதி சாப்பிட்டார். ரிப்போர்ட் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

நிறம் செத்துப்போகிறது. நான் கொடுத்தது 212, 175, 55, பார்க்க நல்ல தங்கம். திரையில் வருவது ஈரச் செங்கல். எஃபெக்டைக் கழற்றினால் தங்கம், மாட்டினால் செங்கல்.

காரணம் கோணம். விளக்கின் உயரத்தைச் சொல்லும் எலிவேஷனும் தானாக 45-இல்தான் நிற்கிறது. எழுத்தின் தட்டையான மேற்பரப்புக்குச் சாய்வாக விழும் வெளிச்சத்தில் 0.707 பங்குதான் சேரும். லாம்பர்ட் 1760-இலேயே எழுதிவைத்த கொசைன் விதி. 212 சிவப்பு 150 ஆகிறது, 175 பச்சை 124. மேலே கொஞ்சம் பளபளப்பு கூடினாலும் இந்த நஷ்டத்துக்குக் காணாது. உச்சி வெயிலாக 90 கொடுத்தால் நிறம் முழுசாகத் திரும்பிவிடும், ஆனால் ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் நிழல் என்பதே போய், புடைப்பும் போய்விடும். 60-இல் நிறுத்தி, எழுத்து திருப்பித் தரும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பரவல் எண்ணை 1.15 ஆக்கினேன். 0.866-ஐ 1.15-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஒன்று. நிறம் திரும்பியது. ஒரு கணக்காவது நேராகிறதே.

மார்ச் 7, சனி

அப்பாவிடம் காட்டினேன். ஐம்பது வருஷம் நகைப் பட்டறையில் உட்கார்ந்த மனுஷன். கண்ணாடியை மாட்டி, இரண்டு விநாடி கூடப் பார்க்கவில்லை.

"என்னலே இது, பிளாஸ்டிக்கா?"

"தங்கம்பா."

"தங்கத்துல வெள்ளையா மினுங்குமா?"

அவ்வளவுதான், தூங்கிவிட்டார்.

அவர் சொன்னது சரி. பிளாஸ்டிக் வாளியில் மினுங்கும் பொட்டு வெள்ளையாக இருக்கும், ஏனென்றால் அது விளக்கின் நிறம். உலோகம் அப்படி இல்லை, தங்கத்தில் மினுக்கமும் மஞ்சள்தான். லைட்டிங் எஃபெக்டுக்கு உலோகம் என்றால் தெரியாது, பளபளப்புக்கு விளக்கின் நிறத்தைத்தான் எடுக்கும். ஆகவே விளக்கையே மஞ்சளாக்க வேண்டும். ஆக்கினேன். எழுத்தும் மஞ்சள், விளக்கும் மஞ்சள், நீலம் இரண்டு தடவை வெட்டுப்பட்டு மஞ்சள் காமாலை. பிறகு எழுத்தின் நிறத்தை வெளிறவைத்துச் சமாளித்தேன். நாலு மணி நேரம்.

மார்ச் 8, ஞாயிறு

இன்றைக்கு லேப் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு தடவை கவுண்டருக்குப் போய் வந்தேன்.

மார்ச் 9, திங்கள், இரவு

தூக்கம் வரவில்லை. ஸ்டீல் ஃபிளாஸ்கின் கழுத்தில் டியூப் லைட் ஒரு வெள்ளிக் கோடாகக் கிடக்கிறது. தலையை ஆட்டினால் கோடும் நகர்கிறது. சுவரின் வெளிச்சம் நகரவில்லை. எத்தனை நேரம் ஆட்டினேனோ, எதிர்க் கட்டில்காரர் அம்மா பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

அந்தக் கோடு எவ்வளவு மெலிசு என்பதற்கு ஓர் எண் உண்டு, ஸ்பெகுலர் எக்ஸ்போனன்ட். எண் ஏற ஏறக் கோடு சுருங்கும். ஜாவாஎஃப்எக்ஸ் தானாக வைப்பது 20. இந்த யோசனை போங் என்பவருடையது. ஹனோயில் பிறந்து, யூட்டா பல்கலைக்கழகத்தில் 1973-இல் ஆய்வை முடித்தவர். போங் என்பது அவருடைய சொந்தப் பெயர், குடும்பப் பெயர் புய். நம் ஆட்களை வெளிநாட்டில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு நேர் தலைகீழ். கட்டுரை வெளிவந்தது 1975-இல். அதே வருஷம் இறந்திருக்கிறார், முப்பத்திரண்டு வயதில். எதனால் என்று படித்ததும் மூடிவைத்துவிட்டேன். அந்த வார்த்தையை இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எழுதவும் மாட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

வாரம் முடிந்தது. பத்து நாளில் மூன்று பாக்கி.

மார்ச் 11, புதன்

தமிழ் எழுத்தை நினைத்து எழுதினதில்லை இந்த லைட்டிங் எஃபெக்ட். எழுத்து எங்கே மேடு, எங்கே சரிவு என்று கண்டுபிடிக்க, எழுத்துருவத்தை 10 பிக்ஸல் ஆரத்துக்கு மங்கலாக்கி, அந்த மங்கலையே உயரமாக எடுத்துக்கொள்கிறது. தடித்த ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது சரி. நம்முடைய ணகரத்தின் சுழிகளை 10 பிக்ஸல் மங்கலாக்கினால் மூன்று சுழியும் அப்பி ஒரு மாவு உருண்டை. அதற்குப் பதிலாக நாமே ஒரு மங்கல் நிழலைச் செய்து ஆரம் 2.5 என்று கொடுத்தால் சுழிகள் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. ஸ்ரீ மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது.

மார்ச் 12, வியாழன்

கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன், மடியில் லேப்டாப். அப்பா படுத்தபடியே தலையை அண்ணாந்து தலைகீழாகப் பார்த்தார்.

"இப்ப நல்லாருக்கு. செதுக்கினியோ?"

எனக்குப் புரியவில்லை. புடைத்து நிற்கிற எழுத்தைச் செதுக்கினது என்கிறாரே, மருந்து மயக்கமோ என்று வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. சென்னையில் மருத்துவம் படித்துப் போன மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988-இல் எழுதியது இதைப் பற்றித்தான்: வெளிச்சம் மேலிருந்து வருவதாக மூளை எடுத்துக்கொள்கிறது, அந்த 'மேல்' வானம் இருக்கும் பக்கமல்ல, நம் உச்சந்தலைப் பக்கம். தலை கவிழ்ந்தால் மேடு பள்ளமாகிவிடும். நானும் குனிந்து, தலைகீழாகப் பார்த்தேன். ஆமாம், உளியால் செதுக்கினதேதான். மயக்கமெல்லாம் இல்லை, என்னைவிடத் தெளிவாக இருக்கிறார்.

பட்டறையில் அவருக்கு ஜன்னல் இடது பக்கம். வலது கையின் நிழல் வேலையில் விழக்கூடாது என்பார். நான் நடுவில் போய் நின்றால் "வெளிச்சத்த மறைக்காதலே" என்று ஒரு சத்தம் வரும். உமி அடுப்பின் வாசனையோடு.

மார்ச் 13, வெள்ளி

பத்து நாள் முடிந்தது. கவுண்டரில் "திங்கள் வாங்க சார்."

நாசமாய்ப் போக.

மார்ச் 14, சனி

கடையில் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஜொலிப்பு என்றால் அசைய வேண்டும், நகையை வாங்க வருகிறவர்கள் கையில் திருப்பித் திருப்பித்தானே பார்க்கிறார்கள். லைட்டிங்கில் பார்க்கும் கண் நேர் எதிரே அசையாமல் நிற்கும், ஆகவே விளக்கைத்தான் சுற்றவிட்டேன். என் லேப்டாப்பில் வெண்ணெய். கடை கம்ப்யூட்டரில் தராசு எடை திரைக்கு வர மூச்சு வாங்கியது. படம் எதில் வரையப்படுகிறது என்று காட்டும் பிரிசம் வெர்போஸ் போட்டுப் பார்த்தால், கிராபிக்ஸ் கார்டு கைவிட்டு எல்லாம் சாஃப்ட்வேரில் ஓடுகிறது. விநாடிக்கு அறுபது தடவை ஒவ்வொரு பிக்ஸலுக்கும் சரிவு பார்க்கச் சொன்னால் அந்தக் கிழட்டு மெஷின் என்ன செய்யும்? திறந்ததும் இரண்டு விநாடி மட்டும் ஓர் அரைச் சுற்று, பிறகு இடது மேல் மூலையில் நிறுத்தி, மறுபடி வரையாதபடி அந்தப் படத்தை மெஷினின் நினைவகத்தில், கேஷில், வைத்துவிட வேண்டும்.

அண்ணாச்சி பணம் கொடுத்தார். கணக்குக்குமேல் ஐந்நூறு. "அப்பாவுக்கு ஏதாச்சும் வாங்கிக்குடு தம்பி."

மார்ச் 15, ஞாயிறு

ஸ்ரீ சரியாகிவிட்டது. ஆரம் 1.8. அப்பாவிடம் காட்டவில்லை, தூங்குகிறார். இன்றைக்கு நாள் பூராவும் தூக்கம்தான்.

மார்ச் 16, திங்கள், காலை 10.20

கீழே கூப்பிடுகிறார்கள். கூட யாராவது இருந்தால் அழைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். பில்டு ஓடிக்கொண்டிருக்கிறது, லேப்டாப்பை எதிர்க் கட்டில் அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி