3,500 ரூபாய்க்கு மஞ்சள் மண்

குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கும் புஜ் பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு டாக்சிக்காரர் என்னிடம் 3,500 ரூபாய் கறந்துவிட்டார். மாதா நோ மட் போய்வர சுமார் 200 கிலோமீட்டர்தான். ஏசி போட்டால் தனி, காத்திருந்தால் தனி! காலை பஸ்ஸை விட்டது என் தப்பு, சரி. ஆனாலும் வயிறு எரிகிறது.

அந்த ஊருக்கு எல்லோரும் ஆஷாபுரா மாதாவைக் கும்பிடப் போவார்கள். நான் மண் பார்க்கப் போகிறேன் என்றதும் டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

ஓடைக்கரைச் சரிவில் சிவப்பும் வெள்ளையுமாகக் களிமண். நடுவே கடலைமாவு நிறத்தில் ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. இதுதான் ஜாரோசைட், செவ்வாய் கிரகத்திலும் கிடைத்த மஞ்சள் கனிமம்! 2016-இல் இஸ்ரோ, கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியபோதே பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

இரும்பும் கந்தகமும் கலந்த பாறையில் நீரும் காற்றும் பட்டால் அமிலம் ஊறும். அந்தப் புளித்த நீரில்தான் ஜாரோசைட் பிறக்கும். 2004-இல் நாசாவின் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் கண்டுபிடித்தது இதே கனிமத்தை. அங்கும் அடித்தளம் எரிமலைப் பாறை, இங்கும் தக்காண எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. செவ்வாயில் நிலத்தடியிலிருந்து கசிந்த அமில நீர் ஆவியாகி உப்புகளை விட்டுப் போயிருக்கிறது. அங்கே பக்கத்திலேயே மிளகு அளவில் ஹேமடைட் என்ற இரும்புக் கனிம உருண்டைகள் வேறு கிடந்தன. அவையும் பாறைக்குள் ஊறிய நீரில் திரண்டவை.

எனக்குப் பிடித்தது இதற்கடுத்த விஷயம். ஜாரோசைட் நிறைய நல்ல தண்ணீரில் கிடந்தால் சிதைந்து வெறும் துருவாகிவிடும். செவ்வாயில் இத்தனை கோடி ஆண்டுகளாக அப்படியே இருக்கிறதென்றால், நீர் வந்தது, வற்றியது, அப்புறம் அந்த இடம் சரியாக நனையவே இல்லை. சரிவில் குந்தி இதை யோசித்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது. காத்திருப்புக் காசு 300.

திரும்பும் வழியில் ஒரு கொட்டகைக் கடையில் கம்பு ரொட்டி, சுட்ட கத்தரிக்காய், வெல்லம், நெய், சொம்பு நிறைய மோர். இரண்டு பேருக்கும் சேர்த்து 240 ரூபாய். டிரைவர் பங்கையும் நான்தான் கொடுத்தேன், எதற்கென்று தெரியவில்லை!

பஸ் நேரம் எழுதுகிறேன் என்று போன பதிவில் சொல்லியிருந்தேன். குறித்துக்கொள்ளவே இல்லை, மன்னிக்கவும். தொப்பியும் 3 லிட்டர் தண்ணீரும் எடுத்துப் போங்கள். வெள்ளை பேன்ட் வேண்டாம்.