ட்ரூயிட்ஸ் வளைவின் நிழல்

ஜனவரி 11

30-ஆம் தேதி ட்ராக் நாள், அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப்பார்க்கும் நாள். இங்கிலாந்தின் கென்ட்டில் உள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச், அதன் குட்டையான இண்டி சுற்று. பணம் கட்டியாயிற்று. பனியாலோ மூடுபனியாலோ தளம் திறக்காவிட்டால் பணம் திரும்புமா, தேதியாவது மாற்றுவார்களா? விதிமுறைத் தாளில் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான். பல இடங்களில் இரண்டும் கிடையாது.

ஜனவரி 12

7 டிகிரி. எல்லாக் கணக்கும் இந்த எண்ணில்தான் வந்து நிற்கிறது. கோடை டயரின் ரப்பர் அதற்குக் கீழே இறுகத் தொடங்கும். மழையை எல்லாரும் பார்க்கிறார்கள், குளிரை யாரும் பார்ப்பதில்லை. தரை காய்ந்திருக்கும், வெயில் அடிக்கும், டயர் மட்டும் மரக்கட்டையாக இருக்கும்.

பாதி ஸ்லிக் டயர் (பள்ளம் குறைந்த பந்தய வகை) வேண்டாம். சூடேறினால்தான் அது பிடிக்கும். 1.2 மைல் சுற்றில், 3 டிகிரியில், ஈரத்தில், அந்தச் சூடு வரவே வராது. தேங்கிய தண்ணீரை வெளியே தள்ள ஆழமான பள்ளங்களும் அதில் இல்லை. சாதாரண நல்ல ரோடு டயர் போதும். அல்லது மலையும் பனித்துகளும் பொறித்த குறி உள்ள எல்லாப் பருவ டயர். சட்டம் 1.6 மி.மீ. பள்ளம் இருந்தால் விடுகிறது, ஈரத் தளத்துக்கு 4-க்குக் கீழே போகக்கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பழைய ரப்பர் குளிரில் கைவிட்டுவிடும்.

ஜனவரி 14

இன்ஷூரன்ஸ். ரோட்டுக்கு எடுத்த பாலிசி பெரும்பாலும் ட்ராக்குக்குச் செல்லாது. ஒரு நாளுக்கென்று தனியாக எடுக்க வேண்டும். நம் கையிலிருந்து போகும் முதல் தொகை எவ்வளவு என்று பார்த்தபிறகுதான் கையெழுத்து.

ஜனவரி 16

மறுபடி கால்மிதியடிக்குக் கீழே ஈரம்.

என்னுடையது துணிக் கூரை போட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. அந்தக் காரில் இது புதிதல்ல. துணிக் கூரையில் விழும் தண்ணீர் பின்பக்கத் தாங்கியில் சேர்ந்து, சீட் பெல்ட் கோபுரங்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலைச் சருகும் மண்ணும் குழாயை அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். கார்ப்பெட் நனையும், கதவுக்கடிப் பெட்டி துருப்பிடிக்கும். ட்ராக் நாளில் வரும் ஆபத்து வேறு: ஓட்டுபவரின் மூச்சு, ஹெல்மெட், நனைந்த கார்ப்பெட் எல்லாம் சேர்ந்து கண்ணாடியை உள்ளிருந்து வெள்ளையாக்கிவிடும். ஹீட்டர் எவ்வளவு ஊதினாலும் தோற்கும்.

கம்பி விட்டுக் குத்தக்கூடாது, குழாய் கிழியும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் சுழற்றிச் சுழற்றி இறக்கி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, பின் சக்கரத்துக்கு முன்னால் கீழே ஒழுகுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். இடது பக்கம் கருஞ்சேறாக வந்தது, பிறகு தெளிந்தது. வலது பக்கம் சொட்டுத்தான்.

ஜனவரி 17

வலது பக்கமும் திறந்தது. கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் பழைய செய்தித்தாள்.

ஜனவரி 19

பிரேக் ஆயில். டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சியபின் தர அளவு 155 வரை இறங்கலாம். குளிர் காலம்தானே என்று விடக்கூடாது. முதல் வளைவான பேடாக் ஹில்லுக்கு முன்னால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மிதிக்கிறோம். அரை லிட்டர் போதும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பித்து, டப்பாவில் மட்டம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று ஒரு முறை உள்ளே போனால் எல்லாம் முதலிலிருந்து.

பந்தயத்துக்கான பிரேக் பேட் (ரேஸ் பேட்) மாட்டத் தோன்றும். வேண்டாம். ஆறிய ரேஸ் பேட் முதல் மிதியில் பிடிக்காது, ஈரத்தில் ஆறிக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இந்தக் காரில் இல்லை. முன் சக்கரம் பூட்டினால் ஸ்டீரிங் செத்துவிடும். காலை சற்று விட்டால்தான் சக்கரம் உருளும், உருண்டால்தான் திரும்பும். பயம் வந்த நேரத்தில் கால் அதற்கு நேர் எதிராகத்தான் செய்யும்.

ஜனவரி 22

இரவு முழுக்க ட்ரூயிட்ஸ்.

1954-இல்தான் அந்த வளைவைச் சேர்த்தார்கள், ஓடும் திசையையும் கடிகாரத் திசைக்கு மாற்றினார்கள். மேட்டின் மேல் ஊசி வளைவு, சுற்றி மரம். 30-ஆம் தேதி கென்ட்டில் நண்பகலில்கூட சூரியன் 21 பாகைதான் ஏறும். 15 மீட்டர் மரத்தின் நிழல் நடுப்பகலிலேயே 39 மீட்டர். அந்த நிழலுக்குள் இரவின் உறைபனி எவ்வளவு நேரம் கிடக்கும்?

காற்றின் வெப்பநிலையை 1.25 மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். முன்னறிவிப்பு 2 டிகிரி என்றாலும், வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் தரை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே மேகமூட்டமான இரவு வேண்டும். மழை வந்தாலும் வரட்டும்.

ஜனவரி 24

ஈரத்தில் எங்கே ஓட்டுவது. காய்ந்த நாளின் பாதையில் ரப்பரும் எண்ணெயும் படிந்து, கல் வழவழத்திருக்கும். மழையில் அதுதான் வழுக்கும். ட்ரூயிட்ஸில் உட்புறத்தை விட்டு அகலமாக வெளியே சுற்ற வேண்டும், பிடிப்பு அங்கேதான். பேடாக் ஹில்லில் மேட்டைத் தாண்டும்போது கார் இலேசாகும். அந்த இடத்தில் பிரேக்கை மிதித்தபடி வலப்பக்கம் திருப்பினால் பின்புறம் சுழன்று ஜல்லிக்குள் போகும். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, காலை மெதுவாக எடுத்து, பிறகு திருப்ப வேண்டும்.

மஞ்சள் சிவப்புப் பட்டைக் கொடி: முன்னால் தளம் வழுக்கல். குளிர்காலத்தில் அதிகம் தேட வேண்டிய கொடி. முந்துவது இடப்பக்கம் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் சைகை காட்டிய பிறகு.

ஜனவரி 26

காற்றழுத்தம். வழக்கம் 26 பி.எஸ்.ஐ. 15 டிகிரி ஷெட்டில் 28 வைத்துவிட்டு 1 டிகிரி காலையில் பார்த்தால் 26. வீட்டில் வைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை, அளவுமானியை எடுத்துப்போக வேண்டும். கோடையில் ஓடி ஓடி நாலைந்து ஏறும், இப்போது ஒன்றிரண்டு ஏறினாலே பெரிது. ஆகவே அங்கே போய் ஆறிய டயரில் 28.

தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு விமானத் துறையில் ஒரு கணக்கு உண்டு: பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வேகம். 26-க்கு மணிக்கு 85 கி.மீ., 30-க்கு 91. நல்ல பள்ளம் அதைத் தள்ளிப்போடும். ஆனாலும் பிராபம் நேர்பாதையில் இரண்டையும் சுலபமாகத் தாண்டிவிடுவோம்.

ஜனவரி 27

கார்ப்பெட் காய்ந்துவிட்டது!

ஜனவரி 29

எடுத்து வைத்தவை: இழுவைக் கொக்கி (இன்றே மாட்டியாயிற்று), அளவுமானி, டார்க் ஸ்பேனர் (சக்கர நட்டை அளவாக முறுக்க), உறையாத கண்ணாடி கழுவும் நீர், இரண்டு துண்டு. துண்டு ஒன்று காலணிக்கு. நனைந்த அடிப்பாகம் பெடலில் வழுக்கும். ஹெல்மெட் முகக்கண்ணாடியின் உள்ளே பாத்திர சோப்பை ஒரு துளி தேய்த்துத் துடைத்தாயிற்று. ஈரக் கோட்டு காருக்குள் வரக்கூடாது.

பின்புற பிளாஸ்டிக் ஜன்னலைக் குளிரில் மடக்கக்கூடாது, வெடித்துவிடும். ஜிப்பைத் திறந்து படுக்க வைத்தபிறகுதான் கூரையை இறக்க வேண்டும். மடங்கி உள்ளே போகும் முகப்பு விளக்குகளை இரவே தூக்கி வைத்தாயிற்று, இல்லாவிட்டால் பனியில் ஒட்டிக்கொள்ளும்.

முன்னறிவிப்பு மாறிவிட்டது. தெளிந்த வானம். காற்று இல்லை.

ஜனவரி 30

7.50. 1 டிகிரி. டயர் 25½. 28 ஆக்கியாயிற்று.

9.00. மூடுபனி. ஒரு கொடி மேடையிலிருந்து அடுத்தது தெரிய வேண்டும், தெரியவில்லை. எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு ஆயில் சூடாகாது. நிறுத்தியாயிற்று.

10.25. விட்டார்கள். முந்தாமல் மூன்று சுற்று. ஆயில் அழுத்த முள் இன்னும் உயரத்தில், அதாவது ஆயில் ஆறித்தான் இருக்கிறது. எஞ்சின் சுழற்சி 4,000-க்கு மேல் போகவில்லை.

10.40. டயர் 28½. கண்ணாடி தெளிவு. பிரேக் சூடாக இருப்பதால் ஹேண்ட் பிரேக் போடவில்லை, கியரில் நிற்கிறது. சக்கரங்களின் பதினாறு நட்டும் மறுபடி பார்க்க வேண்டும். ட்ரூயிட்ஸ் உட்புறம் இன்னும் கறுத்து மின்னுகிறது, ஈரமா உறைந்ததா என்று