கல் நட்ட பிறகு சாப்பாடு

நில அளவைத் துறையில், சில கிராமங்கள் சேர்ந்த பிர்காவுக்குச் சர்வேயராகச் சேர்ந்த புதிதில், இந்த வேலைக்கு முதலில் வேண்டிய குணம் எது என்று யாராவது கேட்டிருந்தால், நேர்மை என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். ஓய்வு பெற்றுவிட்ட இன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறவனும் வழி தவறிப் போவதை என்னிடமே கண்டிருக்கிறேன். அவனுக்குக் குறைவது பெரும்பாலும் அடக்கம். பணிவைச் சொல்லவில்லை. நாவுக்கும் வயிற்றுக்கும் கோபத்துக்கும் பிறர் தரும் மரியாதையின் மீதுள்ள ஆசைக்கும் ஒருவர் தாமே வைத்துக்கொள்ளும் அளவைத்தான் அடக்கம் என்று சொல்கிறேன்.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் ஜி லைன்களும், அவற்றிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செல்லும் ஆஃப்செட் அளவுகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய படங்களில் எல்லாம் லிங்க்ஸ் கணக்கு. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க்ஸ். படத்தில் இருக்கும் அளவை நிலத்தில் திரும்பப் பிடித்துக் கல் நட வேண்டும். கேட்பதற்கு இது வெறும் கணக்காகத் தோன்றும். ஆனால் எந்தக் கல்லிலிருந்து அளவைத் தொடங்குவது என்பதைக் கணக்கு சொல்லாது. ஒரு கல் உழவில் சாய்ந்திருக்கும்; இன்னொன்றை யாரோ பிடுங்கித் திரும்ப நட்டதுபோல் இருக்கும்; மூன்றாவது காணாமலே போயிருக்கும். எதை நம்புவது என்று அந்த இடத்தில் நின்று முடிவு செய்ய வேண்டியவர் சர்வேயர்தான்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மானாவாரி நிலத்தில், பங்காளிகள் இருவருக்கிடையே வரப்புத் தகராறு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த காடு, நிழலுக்கு ஒரு வேப்பமரம். காலையில் தொடங்கிய அளவு மதியம் பாதியில் நின்றது. ஒரு பங்காளியின் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். பணம் கொடுத்திருந்தால் விரட்டியிருப்பேன். சோறுதானே என்று உட்கார்ந்தேன். அந்த வீட்டம்மா, 'மெலிஞ்சு போயிருக்கீங்க, நல்லா சாப்பிடுங்க தம்பி' என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். வீட்டை விட்டு வந்து தனியாகத் தங்கிச் சமைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொல் குழம்பைவிட ருசித்தது.

பிற்பகலில் இரண்டு பழைய கற்களில் எதிலிருந்து பிடிப்பது என்ற கேள்வி வந்தது. இரண்டுக்கும் இடையே மூன்று லிங்க்ஸ் வித்தியாசம், ஏறத்தாழ 2 அடி. சாய்ந்த கல்லைக் கணக்கில் எடுக்காமல் மற்றதிலிருந்து தொடங்கினேன். அதற்கு ஒரு காரணமும் சொன்னேன். அந்தக் காரணத்தை நான் உண்மையாகவே நம்பினேன். முக்கோணங்கள் சரியாகக் கூடின, குறிப்பேட்டில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. 300 அடி நீள வரப்பில் 2 அடி என்றால் ஒரு சென்ட்டுக்கும் மேலே. அது சோறு போட்ட வீட்டுக்குப் போயிற்று. சாய்ந்த கல்லின் அடியைத் தோண்டிப் பார்த்திருந்தால் அது இடம் மாறாத கல் என்று தெரிந்திருக்கும். பின்னால் மேல்முறையீட்டில் வந்த அதிகாரி தோண்டிப் பார்த்து அதையேதான் எழுதினார். எனக்கு மட்டும் அன்று தோண்டத் தோன்றவில்லை.

என்னுடன் சங்கிலி பிடித்த பெரியவர் அன்று ஒன்றும் பேசவில்லை. மேல்முறையீட்டு உத்தரவு வந்த நாளில், அலுவலக வாசலில், மிக மெதுவாகச் சொன்னார்: 'சாப்பிட்டுட்டுக் கல்லு நடாதீங்க சார். நட்டுட்டுச் சாப்பிடுங்க.' அதன்பின் நான் தண்ணீர் பாட்டிலும் கட்டுச்சோறும் இல்லாமல் அளவுக்குப் போனதில்லை.

அந்த நாளில் எனக்குள் என்ன நடந்தது என்பதை விளக்கும் சொற்கள் பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தன. மகள் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்று ஒரு தாள் இருக்கிறது. அவளுடைய குறிப்புகளைப் புரட்டியபோது, அரிஸ்டாட்டில் சொன்ன ஒரு கருத்து என்னை நிறுத்தியது. இன்பமும் துன்பமும் எல்லா அறிவையும் கெடுப்பதில்லை என்கிறார் அவர். முக்கோணத்தின் கோணங்கள் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்ற அறிவை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. எதைச் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் அறிவைத்தான் அவை கெடுக்கின்றன, அந்த அறிவைக் காப்பது அடக்கம் என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் எங்கோ ஏதென்ஸில் பேசப்பட்டது, என் வேப்பமரத்தடியில் நடந்ததை அப்படியே சொல்வதுபோல் இருந்தது. என் முக்கோணங்கள் கெடவில்லை. தோண்ட வேண்டிய கல்தான் என் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

அவரே இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறார். தகாததை விரும்பி, அந்த விருப்பத்தோடு போராடி வெல்பவர் ஒருவர். தகாததன் மீது விருப்பமே எழாதபடி பழகிவிட்டவர் இன்னொருவர். இரண்டாமவரைத்தான் அவர் அடக்கமுடையவர் என்கிறார். நான் பணிக்காலம் முழுவதும் முதலாமவனாகவே இருந்தேன். மாலையில் விருந்துக்கும் மதுவுக்கும் அழைப்பு வராத வாரம் குறைவு. மறுத்துவிட்டு வரும்போதெல்லாம் மனம் ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் செய்தது. சங்கிலிப் பெரியவர் இரண்டாம் வகை. அவர் எதையும் மறுத்ததாகவே எனக்கு நினைவில்லை. எவரும் அவரிடம் எதையும் நீட்டியதில்லை.

நம் குறளில் நடுவுநிலைமைக்கு அடுத்த அதிகாரமாக அடக்கமுடைமை நிற்கிறது. பள்ளியில் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தோம். தராசு முள்போல் நிற்க வேண்டியவருக்குத் தம் புலன்களின் மேல் கட்டுப்பாடும் வேண்டும் என்று அந்த வரிசையைப் படித்துக்கொள்ள எனக்கு ஒரு வரப்பும் ஒரு மேல்முறையீடும் தேவைப்பட்டன.

ஆனால் எதையும் வாங்காமல் இருப்பதே அடக்கம் என்று நான் இறுகிப் போனதும் உண்டு. அது தவறு என்பதை ஒரு சித்திரை மாதத்தில் கற்றேன். காலனியின் ஓரத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டுமனை. அதை ஒட்டி ஊர்க்காரர் ஒருவரின் பட்டா நிலம். அவர் அனுப்பிய இளநீரை ஊருக்குள்ளேயே மறுத்துவிட்டு வந்திருந்தேன். மூதாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பழக்கத்தில் 'வேண்டாம்மா' என்றேன். அவர் சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: 'எங்க வூட்டுத் தண்ணி ஆவாது இல்ல சாமி.'

இளநீரை மறுத்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், அந்தத் தெருவில் தண்ணீர் மறுக்கப்பட்டதற்கு இருக்கும் வரலாற்றை நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி ஒன்றும் செய்திருக்காது. யார், எங்கே, எவருடைய கையிலிருந்து என்று பார்க்கத் தெரியாத அடக்கம் அந்த நேரத்தில் கொடுமையாகவே மாறிவிட்டிருந்தது. சொம்பை எடுத்து முழுவதும் குடித்தேன். ஊர்க்காரரின் முகம் மாறியது. அவர் ஐயப்பட்டதில் நியாயம் உண்டு. ஏனென்றால் கல் அந்த அம்மாவின் வேலிக்கு வெளியே விழ வேண்டும் என்று அந்தக் கணமே என் மனம் விரும்பத் தொடங்கிவிட்டது. இரக்கமும் கோழிக் குழம்பு செய்த வேலையைச் செய்யக்கூடியது என்று அப்போது தெரிந்தது. அதனால் இருவரையும் அழைத்து, புலப்படத்தைத் தரையில் விரித்து, எந்தக் கல்லிலிருந்து, ஏன் தொடங்குகிறேன் என்று சொல்லி, அந்தக் கல்லின் அடியையும் தோண்டிக் காட்டி, ஒவ்வொரு அளவையும் உரக்கப் படித்தேன்.

கல் மூதாட்டியின் வேலிக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி விழுந்தது. அங்கே அவரைப் பந்தல் இருந்தது. சங்கிலிப் பெரியவர் கடப்பாரையோடு காத்திருந்தார். மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, காய் உதிராமல் கொடியைப் பந்தல் காலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குழி தோண்டுவதற்கு ஒதுங்கி இடம் விட்டார்.