இடஒதுக்கீடு சிலபஸ்லயும் இருக்கு, உங்க அப்ளிகேஷன்லயும் இருக்கு

டிஎன்பிஎஸ்சிக்கு, அதாவது தமிழ்நாடு அரசு வேலைத் தேர்வுக்கு, படிக்கிற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட கேக்குறதெல்லாம் எந்த புக் வாங்கலாம், எந்த டெஸ்ட் பேட்ச்ல சேரலாம்னுதான். இடஒதுக்கீடு பத்தி யாருமே கேக்க மாட்டேங்குறாங்க. அது ஏதோ ஜாதி சான்றிதழ வாங்கி வச்சிக்கிட்டா முடிஞ்சி போற வேலைன்னு நினைக்கிறாங்க. நான் குரூப் 2 எழுதி வேலைக்கு வந்தவன், எங்க வீட்ல காலேஜ் படிச்ச மொத ஆளு, அந்த அனுபவத்துல சொல்றேன், இந்த ஒரு டாபிக்க மட்டும் ரெண்டு தடவ படிக்கணும், ஒரு தடவ மார்க்குக்காக, இன்னொரு தடவ உங்க சொந்த வேலை எந்த வழியா வருதுன்னு தெரிஞ்சிக்க.

மொதல்ல மார்க். தமிழ்நாட்டு இடஒதுக்கீடு வரலாற எல்லாரும் வருஷ வாரியா மனப்பாடம் பண்ணுவாங்க, ஒரு மாசத்துல மறந்துடும். நான் அத கணக்கா படிச்சேன். 1921ல நீதிக்கட்சி ஆட்சியில கம்யூனல் ஜி.ஓ., அதாவது அரசு வேலைய ஜாதி மத வாரியா பிரிச்சிக் குடுக்குற அரசாணை, வருது, ஆனா அது ஒழுங்கா அமலுக்கு வந்தது அமைச்சர் முத்தையா முதலியார் காலத்துல, 1928 வாக்குல. 12 இடம் இருந்தா பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டவங்களுக்கு 1. இந்த கடைசி 1 இருக்கு பாருங்க, அத படிக்கும்போது கொஞ்சம் நிதானிச்சி யோசிங்க, ஜனத்தொகைல அவ்வளவு பேர் இருந்தும் 12ல ஒண்ணுதான் கிடைச்சது.

அப்புறம் இன்னைக்கு இருக்கிற 69 சதவீதத்த கட்டிப் பாருங்க. 1950கள்ல பிசிக்கு (பிற்படுத்தப்பட்டவங்களுக்கு) 25, எஸ்சி எஸ்டிக்கு சேத்து 16, மொத்தம் 41. பிற்படுத்தப்பட்டவங்க நிலைமைய ஆராய்ஞ்ச சட்டநாதன் கமிஷன் அறிக்கை 1970ல வந்தப்புறம் 1971ல கலைஞர் ஆட்சியில 31ம் 18ம் ஆகுது, மொத்தம் 49. 1979ல எம்ஜிஆர் பிசிக்கு வருஷ வருமானம் 9000 ரூபாய்னு உச்சவரம்பு வைக்கிறாரு, பெரிய எதிர்ப்பு, 1980 லோக்சபா தேர்தல்ல செம அடி, உடனே உச்சவரம்ப எடுத்துட்டு 31ஐ 50 ஆக்குறாரு, மொத்தம் 68. 1989ல அந்த 50க்குள்ள இருந்து எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டவங்க), சீர்மரபினருக்குன்னு 20 பிரியுது. 1990ல எஸ்டிக்கு தனியா 1 சேருது, 69 வந்தாச்சு. மிச்சமிருந்த பிசி 30ல இருந்து 2007ல முஸ்லிம்களுக்கு 3.5 உள்ஒதுக்கீடு போனதாலதான் இன்னைக்கு பிசி 26.5. எஸ்சி 18க்குள்ள 2009ல அருந்ததியருக்கு 3. இப்படி ஒவ்வொரு எண்ணும் எதுல இருந்து பிரிஞ்சி வந்துச்சுன்னு தெரிஞ்சிட்டா கேள்விய எப்படி திருப்பிக் கேட்டாலும் தடுமாற மாட்டீங்க.

பாலிட்டிலயும் (அரசியலமைப்பு பாடம்) இதே மாதிரிதான், தீர்ப்பையும் திருத்தத்தையும் ஜோடியா படிங்க, தனித்தனியா படிச்சா நிக்காது. செண்பகம் துரைராஜன் வழக்குல கம்யூனல் ஜி.ஓ. செல்லாதுன்னாங்க, பெரியார் போராட்டம் நடந்துச்சு, அதே 1951ல அரசியலமைப்புல முதல் திருத்தம், பிற்படுத்தப்பட்டவங்களுக்கு தனி ஏற்பாடு பண்ணலாம்னு சொல்ற 15(4) வந்துச்சு. 1992 இந்திரா சாஹ்னி தீர்ப்புல பதவி உயர்வுல இடஒதுக்கீடு கூடாதுன்னாங்க, 1995ல 77வது திருத்தம் 16(4ஏ) கொண்டு வந்து எஸ்சி எஸ்டிக்கு அத திருப்பிக் குடுத்துச்சு. அதே தீர்ப்பு 50 சதவீத வரம்பு போட்டுச்சு, நம்ம 69க்கு ஆபத்து வந்துச்சு, ஜெயலலிதா ஆட்சியில 1993ல தனிச் சட்டம் (1994ம் வருஷ 45வது சட்டம்) போட்டு 1994ல 76வது திருத்தம் மூலமா, கோர்ட்ல அடிபடாம சட்டத்த காக்குறதுக்குன்னு இருக்கிற ஒன்பதாவது அட்டவணையில சேத்தாங்க. 2005ல இனாம்தார் வழக்குல தனியார் காலேஜ்ல அரசு இடஒதுக்கீட்ட திணிக்கக் கூடாதுன்னாங்க, பதிலுக்கு அத அனுமதிக்கிற 93வது திருத்தம், 15(5). 2021 மராத்தா தீர்ப்பு பிற்படுத்தப்பட்டவங்க பட்டியல மாநிலம் தானா போட முடியாதுன்னுச்சு, பதிலுக்கு அந்த உரிமைய திருப்பிக் குடுத்த 105வது திருத்தம், அதே வருஷம். லேட்டஸ்டா 2024 ஆகஸ்ட் 1ம் தேதி ஏழு நீதிபதிகள் அமர்வு எஸ்சி உள்ஒதுக்கீடு செல்லும்னு சொன்னது, நம்ம அருந்ததியர் சட்டமும் அதுல சம்பந்தப்பட்டது, இத விட்டுடாதீங்க. எம்பிசி 20க்குள்ள வன்னியருக்கு 10.5 சதவீதம் குடுத்த சட்டத்த 2021ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணதையும், அது சரிதான்னு 2022 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணதையும் சேத்து வச்சிக்கோங்க.

இப்ப ரெண்டாவது விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். உங்க இடம் எப்படி நிரப்பப்படுதுன்னு தெரியுமா? மீதி 31 சதவீதம் எஃப்சிக்குன்னு (முற்பட்ட ஜாதிகளுக்குன்னு) நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, படிச்சவங்களே அப்படி பேசுறாங்க. அது ஜெனரல் டர்ன், எல்லாருக்கும் பொது. 100 போஸ்டிங் இருந்தா மொத 31 இடம் ஜாதி பாக்காம ரேங்க் படி போகும், அதுல பிசி, எம்பிசி, எஸ்சி யார் வேணா வரலாம். நீங்க எம்பிசியா இருந்து உங்க மார்க் அதுக்குள்ள வந்துடுச்சுன்னா நீங்க ஜெனரல் டர்ன்ல போயிடுவீங்க, எம்பிசி 20 அப்படியே உங்களுக்குப் பின்னாடி இருக்கிறவங்களுக்கு நிக்கும். அதனால எனக்கு எம்பிசி கட்ஆஃப் போதும்னு டார்கெட் வைக்காதீங்க, ஜெனரல் டர்ன் கட்ஆஃபத்தான் பாத்து படிக்கணும், நீங்க மேல ஏறுனா உங்க ஜனத்துல இன்னொருத்தருக்கு ஒரு இடம் மிஞ்சும். எங்க ஸ்டடி சர்க்கிள்ல இத புரிஞ்சிக்கிட்ட அப்புறம் பசங்க படிக்கிற வேகமே மாறிடுச்சு.

நாம ஜாதிவாரியா பேசுறது மேலிருந்து கீழ பிரிக்கிற பிரிவு, இது தவிர குறுக்க போற ஒதுக்கீடும் இருக்கு. பெண்களுக்கு 30 சதவீதம், தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம், மாற்றுத்திறனாளிகளுக்கு தனியா, இதெல்லாம் ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் போகும். அதனால எஸ்சி, பெண், தமிழ் வழின்னு சேந்து வர்ற ஒருத்தருக்கு தனி வரிசையே இருக்கும். 200 பாயிண்ட் ரோஸ்டர, அதாவது எத்தனாவது இடம் எந்த பிரிவுக்குன்னு காட்டுற பட்டியல, ஒரு தடவ எடுத்து வச்சி எந்த நம்பர் எந்த டர்ன்னு பாருங்க, அஞ்சாறு போஸ்டிங் மட்டும் இருக்கிற நோட்டிபிகேஷன்ல உங்க பிரிவுக்கு ஏன் இடமே காட்டலைன்னு அப்பத்தான் புரியும். அருந்ததியர் தம்பிங்களுக்கு ஒண்ணு, அந்த 3 சதவீதம் நிரம்பினப்புறமும் தகுதியானவங்க இருந்தா மத்த எஸ்சி இடங்கள்லயும் மெரிட் படி போட்டி போடலாம், அது சட்டத்துலயே இருக்கு.

கோட்டால வந்தவன்னு யாராவது சொல்லுவாங்க. கோச்சிங்ல சொல்லுவாங்க, ஆபிஸ்ல சேந்த அப்புறமும் சொல்லுவாங்க, அதுலயும் எஸ்சி எஸ்டி பசங்க கேக்குற பேச்சு ரொம்ப மோசம். நீங்க எழுதுன கேள்வித்தாளும் அவங்க எழுதுனதும் ஒண்ணுதான், தமிழ் தகுதித் தேர்வுல எடுக்க வேண்டிய 40 சதவீதமும் ஒண்ணுதான். தலைமுறை தலைமுறையா பள்ளிக்கூட வாசல்லயே நிறுத்தி வச்ச குடும்பத்துல இருந்து ஒருத்தர் அரசாங்க நாற்காலில உக்காரும்போது அந்த ஆபிஸுக்கு மனு எடுத்துட்டு வர்ற ஜனங்க முகத்துல தெரியுற தைரியத்த நான் கண்ணால பாத்திருக்கேன். கூச்சப்பட எதுவும் இல்ல இதுல.

சான்றிதழ் விஷயத்துக்கு வரேன், வருஷா வருஷம் நல்ல மார்க் எடுத்தவங்க இதுலதான் போறாங்க. கல்யாணம் ஆன பெண்கள் கவனிங்க, ஜாதி சான்றிதழ் அப்பா பேர்லதான் இருக்கணும், கணவர் பேர் போட்டு வாங்குனது செல்லாது. எங்ககூட படிச்ச ஒரு அக்கா ரேங்க் வந்தப்புறம் இத தெரிஞ்சிக்கிட்டு பிறந்த ஊர் தாலுகா ஆபிஸுக்கு கைக்குழந்தையோட அலைஞ்சாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. தமிழ் வழி கேக்குறவங்க ஒண்ணாவது வகுப்புல இருந்து எல்லா கட்டத்துக்கும் சான்று வாங்கணும், டிகிரி மட்டும் தமிழ்ல படிச்சா பத்தாது. ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன்லயும் அப்ளிகேஷன்லயும் நீங்க போடுற பிரிவும் கையில இருக்கிற சான்றிதழும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும்.

எஸ்எஸ்சி, பேங்க், யுபிஎஸ்சின்னு மத்திய அரசு பக்கமும் எழுதுறீங்கன்னா நம்ம பிசி, எம்பிசி சான்றிதழ் அங்க அப்படியே எடுபடாது, மத்திய பட்டியல்ல உங்க ஜாதி இருக்கான்னு பாத்து ஓபிசி நான்-கிரீமிலேயர் சான்றிதழ் (பிற்படுத்தப்பட்டவங்கள்ல வசதியான மேல்தட்டு இல்லைன்னு காட்டுறது) அவங்க ஃபார்மட்ல தனியா வாங்கணும், எந்த தேதிக்குள்ள வாங்குனது செல்லும்னு நோட்டிபிகேஷன்ல இருக்கும். இங்க ஒரு பெரிய குழப்பம், அப்பா சம்பளம் 8 லட்சம் தாண்டிடுச்சு அதனால கிரீமிலேயர்ல வந்துட்டேன்னு அப்ளை பண்ணாமலே விட்டவங்க இருக்காங்க. அரசு ஊழியர் பிள்ளைங்களுக்கு சம்பளத்த கூட்ட மாட்டாங்க, விவசாய வருமானத்தையும் கூட்ட மாட்டாங்க, அப்பா அம்மா எந்த பதவியில இருக்காங்கன்றதுதான் கணக்கு, சம்பளமும் விவசாயமும் இல்லாத மத்த வருமானம் தொடர்ந்து மூணு வருஷம் வரம்ப தாண்டுதான்னுதான் பாப்பாங்க. உங்க சொந்த சம்பளம் கணக்குலயே வராது. தமிழ்நாட்டு அரசு வேலைக்கு கிரீமிலேயரே கிடையாது, அத இங்க போட்டு குழப்பிக்காதீங்க.

எஸ்டி தம்பி தங்கச்சிங்களுக்கு கடைசியா. உங்க சான்றிதழ தாசில்தார் குடுக்க முடியாது, ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) அல்லது சப் கலெக்டர்தான் குடுக்கணும், விசாரணை நீளமா போகும், உறவுக்காரங்க சான்றிதழ், பழைய பள்ளி ஆவணம் எல்லாம் கேப்பாங்க. நோட்டிபிகேஷன் வரட்டும்னு உக்காந்திருந்தா முடியாது, பிளஸ் டூ முடிச்ச கையோட அப்ளை பண்ணுங்க, இழுத்தடிச்சா எழுத்துல மனு குடுத்து ரசீது வாங்கி வச்சிக்கோங்க, நிராகரிச்சா காரணத்த எழுத்துல கேளுங்க, அந்த உத்தரவு கையில இருந்தாத்தான் அடுத்து மேல்முறையீட்டுக்கு போக முடியும்.