17(பி) குறிப்பாணை வந்தால் கோப்பில் என்ன ஏற வேண்டும்

17(பி) குறிப்பாணை என்பது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 17(பி) விதிப்படி அரசு ஊழியர்மேல் குற்றம் சாட்டி விளக்கம் கேட்கும் கடிதம். அரசு ஊழியர்களுக்காகத் துறை விசாரணை வழக்குகளை நடத்தும் எங்களிடம் பெரும்பாலோர் தண்டனை ஆணை கைக்கு வந்த பிறகே வருகிறார்கள். அப்போது செய்ய முடிவது கொஞ்சம்தான். அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரித்த மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டில் இப்போது இல்லை. அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள். விசாரணை முறைப்படி நடந்ததா, தண்டனை மனச்சாட்சியை உலுக்கும் அளவுக்குக் கடுமையா என்பதைத்தான் பார்ப்பார்கள். 1995இல் பி.சி. சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை அது. அதனால் வழக்கின் உயிர் துறை விசாரணைக் கோப்பில்தான் இருக்கிறது.

குறிப்பாணையை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் வீட்டில் ஒட்டிச் சார்வு செய்துவிட்டு, நீங்கள் இல்லாமலேயே விசாரணையை முடித்துவிடுவார்கள். பெற்ற தேதியைக் கையெழுத்தோடு எழுதுங்கள்.

அடுத்து எந்த விதி என்று பாருங்கள். 17(ஏ) என்றால் சிறு தண்டனை, விளக்கத்தோடு முடியலாம். 17(பி) என்றால் பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு வரை போகும். 17(பி) குறிப்பாணையோடு நான்கு இணைப்புகள் இருக்க வேண்டும்: குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு அடிப்படையான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். ‘கடமையில் கவனக்குறைவு’ என்று மட்டும் போட்டு, தேதியோ கோப்பு எண்ணோ இல்லாமல் வரும் குற்றச்சாட்டுகள் ஏராளம். எதற்கு விளக்கம் கேட்கிறார்கள் என்பதே தெரியாத நிலை அது. அதை அன்றே கடிதத்தில் எழுதுங்கள்.

விளக்கம் எழுதும் முன் ஆவணம் கேட்கும் கடிதம் போக வேண்டும். அதிகம் பிழை நடக்கும் இடம் இது. ‘சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களும் வேண்டும்’ என்ற கடிதத்தால் பயனில்லை. ஒவ்வோர் ஆவணத்தையும் எண், தேதி, பக்கத்தோடு குறித்து, எந்தக் குற்றச்சாட்டை மறுக்க அது தேவை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். காரணம் இருக்கிறது: ஆவணம் தரவில்லை என்று பின்னாளில் வாதிடும்போது, ‘அதனால் உங்களுக்கு என்ன பாதகம்?’ என்று நீதிமன்றம் கேட்கும். அந்த ஒரு வரிதான் பதில். ‘அலுவலகத்தில் வந்து பார்வையிடலாம்’ என்று பதில் வந்தால் போய்ப் பாருங்கள். எதைக் காட்டினார்கள், எதைக் காட்டவில்லை என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள்.

விளக்கத்தில் ‘தெரியாமல் நடந்துவிட்டது, கருணை காட்டுங்கள்’ என்று எழுதுவோரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பணிவாக எழுதியதாக அவர் நினைப்பார். விசாரணை அறிக்கையிலோ அது ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று ஆகிவிடும். குற்றச்சாட்டு வாரியாக மறுத்து எழுதுங்கள். வாய்மொழி விசாரணை வேண்டும், நேரில் கேட்கப்பட வேண்டும் என்பதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். 17(பி)யில் ஊழியர் இதைத் தெரிவிக்க வேண்டும். கேட்காமல் விட்டால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பே போய்விடலாம்.

விசாரணை தொடங்கியதும் விசாரணை அலுவலர் ஊழியரையே முதலில் கேள்வி கேட்கத் தொடங்குவது வாடிக்கை. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு துறையுடையது. துறைச் சாட்சிகள் முதலில் வர வேண்டும். ஆவணத்தைச் சும்மா மேசையில் வைத்தால் போதாது, அதைப் பற்றிச் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். முதல் தகவல் அறிக்கை மட்டும் சாட்சியம் ஆகாது என்று 2008இல் ரூப் சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆட்சேபணையை வாயால் சொன்னால் கோப்பில் ஏறாது. தாளில் எழுதிக் கொடுங்கள். அன்றன்றைய நடவடிக்கைக் குறிப்பில் ‘ஆட்சேபணையுடன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தால் பிழைப்பூதியம் (அந்தக் காலத்தில் சம்பளத்துக்குப் பதிலாகத் தரும் தொகை) வருகிறதா என்று பாருங்கள். அது தராமல் பட்டினி போட்டு விசாரணை நடத்தியதை 1999இல் பால் அந்தோணி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குற்றச்சாட்டுக் கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் தற்காலிகப் பணிநீக்கம் நீடிக்கக் கூடாது என்பது 2015ஆம் ஆண்டு அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பு. ஆனால் அது தானாக ரத்தாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், மனு கொடுங்கள்.

விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து, அதன்மேல் உங்கள் கருத்தைக் கேட்ட பிறகே தண்டனை பற்றி முடிவெடுக்கலாம் (கருணாகர் வழக்கு, 1993). அறிக்கை ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று சொல்லியும் தண்டனை விதிக்கும் அதிகாரி அதிலிருந்து மாறுபட்டால், முதலில் தன் காரணத்தை எழுதித் தந்து உங்கள் பதிலைக் கேட்டாக வேண்டும். 1998இல் குஞ்ச் பிகாரி மிஸ்ரா வழக்கு. ஆணை வந்ததும் கையெழுத்தைப் பாருங்கள். உங்களை நியமித்தவருக்குக் கீழ்நிலையில் இருப்பவர் பணிநீக்கமோ பணியறவோ செய்ய முடியாது என்கிறது அரசியலமைப்பின் 311(1). பிறகு துறை மேல்முறையீடு. அதைத் தாண்டி நேராக ரிட் மனு போட்டால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முறைக்கேட்டுக்காக ஆணை ரத்தானாலும், பழைய சம்பளம் முழுவதும் உடனே வந்துவிடாது. பல வழக்குகளில் கேடு நடந்த கட்டத்திலிருந்து விசாரணையை மீண்டும் நடத்தச் சொல்லியே அனுப்புவார்கள். அந்த இரண்டாவது விசாரணைக்கும் இதே கடிதங்களும் ஒப்புதல் சீட்டுகளும்தான் வேண்டும். அசலை வீட்டில் வைத்துக்கொண்டு, வழக்கறிஞரிடம் நகலைக் கொடுங்கள்.